தேதியைக் கேட்டால் ஊதியமும் கொடுங்கள்: தயாரிப்பாளர்களுக்கும் நடிகர் தேர்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்கள், தயாரிப்பு நிர்வாகிகள், நடிகர் தேர்வாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போஸ்டரில் முகம் வராத நடிகர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். கதாநாயகியின் அண்ணன், இரண்டு காட்சிகளில் வரும் வக்கீல், ஆஸ்பத்திரிக் காட்சியின் டாக்டர், தொடரில் மாதத்துக்கு நான்கு நாள் தலைகாட்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய வேடங்கள் எங்களுடையவை. இவை இல்லாமல் எந்தக் கதையும் நகராது. இவற்றை ஏற்று நடிப்பவர்கள் அந்த வருமானத்தில் வாடகை கட்டி வாழ முடிவதில்லை. எங்களுக்கு வேலை கிடைக்காதது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. கிடைக்கிற வேலைக்கே கணக்கு ஒழுங்காகப் போடப்படுவதில்லை. நீங்கள் எங்களிடம் கேட்டு வாங்கும் நேரத்தில் பாதிக்கும் மேல் ஊதியக் கணக்கில் ஏறுவதே இல்லை. அந்த நேரத்துக்கும் ஊதியம் வேண்டும் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை. மற்றவை எல்லாம் அதன் கிளைகள்.

எங்கள் சம்பளம் ‘ஒரு நாளைக்கு இவ்வளவு’ என்று பேசப்படுகிறது. கேட்கும்போது நல்ல தொகையாகவே தெரியும். அந்த ஒரு நாளைப் பிரித்துப் பாருங்கள். நாள் ஊதியம் 100 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் வேடம், ஆகவே கைக்கு வரவேண்டியது 300. வேடம் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுக்கோ கோஆர்டினேட்டருக்கோ பத்து சதவீதம் என்றால் 30 போயிற்று. இரண்டாம் சுற்றுத் தேர்வு, உடை அளவு பார்க்கும் நாள், படப்பிடிப்பு மூன்று நாள், டப்பிங் என ஆறு முறை போய்வர, முறைக்கு 5 வீதம் 30. ‘ஆபீஸ் டிரஸ் இரண்டு நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்’ என்பதற்கும் அதைச் சலவை செய்வதற்கும் 15. மிச்சம் 225. இனி நாள் கணக்கு. டேப், அதாவது தேர்வுக்காக நாங்களே நடித்து எடுக்கும் வீடியோ, தயாரித்து அனுப்ப ஒரு நாள், இரண்டாம் சுற்றுக்கு அரை நாள், உடைக்கு அரை நாள், படப்பிடிப்புக்கு மூன்று நாள், டப்பிங்குக்கு அரை நாள் என ஐந்தரை நாள் உழைப்பு. 225-ஐ ஐந்தரையால் வகுத்தால் சுமார் 41. நூறு என்று பேசிய இடத்தில் 41 தான் நிற்கிறது. வரிப் பிடித்தத்தை இதில் சேர்க்கவில்லை. கிடைக்காமல் போன வேடங்களுக்கு அனுப்பிய டேப்களும் கணக்கில் இல்லை. வேறு வேலைக்குப் போகாமல் தேதியைக் காலியாக வைத்திருந்த நாட்களும் இல்லை.

அந்தக் காத்திருப்பு நாட்கள்தான் எங்களைச் சாய்க்கின்றன. ‘பத்திலிருந்து இருபத்தைந்து வரை தேதியை வைத்துக்கொள்ளுங்கள், எந்த மூன்று நாள் என்று பிறகு சொல்கிறோம்’ என்று உதவி இயக்குநர் போனில் சொல்கிறார். பதினாறு நாட்கள் அடைபட்டன. அதற்குள் வரும் வேறு அழைப்பை ஏற்றால் ‘நம்பகமில்லாதவர்’ என்ற பெயர் வந்துவிடும். ஏற்காமல் இருந்தால், பன்னிரண்டாம் நாள் ‘ஷெட்யூல் தள்ளிப்போய்விட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும். சில நேரம் அதுவும் வராது.

இது ஏன் நடக்கிறது என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. இடத்தையும் முதன்மை நடிகர்களின் கால்ஷீட்டையும் வைத்து எடுக்கப்படுகின்றன. முதன்மை நடிகரின் தேதி ஒரு நாள் நகர்ந்தால் அதோடு சேர்ந்து பத்துப் பேரின் தேதி நகரும். மழை, அனுமதி தாமதம், இடம் கிடைக்காமை எல்லாம் உண்மையான சிக்கல்கள்தான். ஆனால் அந்தச் சிக்கலின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். வாடகைக்கு எடுத்த கேமராவைப் பெட்டியைவிட்டு எடுக்காமலே வைத்திருந்தாலும் அந்த நாளுக்கு வாடகை உண்டு என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பட்ஜெட்டில் எழுதுகிறீர்கள். பிடித்து வைத்த நடிகருக்கு மட்டும் அந்த வரி கிடையாது. செலவே இல்லாததால் தேதிகளைச் சுருக்கித் திட்டமிட யாருக்கும் அவசரமும் இல்லை.

இதற்குத் தீர்வு உண்டு, புதிதும் அல்ல. அமெரிக்காவில் திரைப்பட நடிகர் சங்க ஒப்பந்தத்தின் கீழ் எடுக்கப்படும் படங்களில், நடிகரின் முதல் வேலை நாளுக்கும் கடைசி வேலை நாளுக்கும் இடையில் உள்ள நாட்களுக்கும் பொதுவாக ஊதியம் உண்டு. நாள் ஊதிய நடிகரை இடையில் விடுவித்துத் திரும்ப அழைக்க வேண்டுமானால், குறிப்பிட்ட இடைவெளி இருக்க வேண்டும், திரும்பும் தேதியை முன்பே சொல்ல வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கிறது. அவ்வளவு தூரம் ஒரே நாளில் போகச் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது இதுதான்: மூன்று நாட்களுக்கு மேல் தேதியைப் பிடித்து வைத்தால், நான்காம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் கால் நாள் ஊதியம். உறுதி செய்த தேதியை 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அரை நாள் ஊதியம், 24 மணி நேரத்துக்குள் என்றால் முழு நாள். எந்தத் தேதியில் விடுவிக்கப்படுகிறோம் என்பது எழுத்தில் வர வேண்டும், குறுஞ்செய்தியே போதும்.

காத்திருப்பில் இன்னொரு வகை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘கன்டினியூட்டி இருக்கிறது, தாடியை எடுத்துவிடாதீர்கள்’, அதாவது அடுத்த காட்சியிலும் தோற்றம் மாறாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி முதல் ஷெட்யூலை முடித்து அனுப்புகிறீர்கள். இரண்டாம் ஷெட்யூல் மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதமும் அந்தத் தாடியோடு போலீஸ் வேடம் கிடைக்காது, விளம்பரத்தில் அப்பா வேடம் கிடைக்காது. மொட்டை அடித்தவருக்கு, முடிக்குச் சாயம் ஏற்றியவருக்கு, எடை கூட்டச் சொல்லப்பட்டவருக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே நீங்கள் வாங்குவது நடிகரின் மூன்று நாளை மட்டும் அல்ல, அவருடைய முகத்தை மூன்று மாதத்துக்கு. அதற்கென்று தனித்தொகை பேசுங்கள். பேச முடியாதென்றால் ஒட்டுத்தாடிக்கும் விக்குக்கும் செலவு செய்யுங்கள். இரண்டில் எது மலிவு என்று பார்த்தாலே, இத்தனை நாள் எங்களிடம் இலவசமாக என்ன வாங்கினீர்கள் என்று தெரிந்துவிடும்.

நடிகர் தேர்வாளர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். டேப் அனுப்பும் முறை வந்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். போகவர நேரம் மிச்சம் என்று நினைத்தோம். நடந்தது வேறு. முன்பு உங்கள் அலுவலகத்தில் இருந்த கேமரா, விளக்கு, பின்திரை, எதிர் வசனம் படிக்கும் ஆள் எல்லாம் இப்போது எங்கள் வீட்டுச் செலவு. ஆறு பக்கக் காட்சியை மனப்பாடம் செய்ய மூன்று மணி நேரமாவது வேண்டும். இடத்தை ஒதுக்கி, விளக்கை வைத்து, தெருச் சத்தம் அடங்கக் காத்திருந்து, எதிர் வசனம் படிக்க ஒருவரைக் கெஞ்சி உட்காரவைத்து எடுக்க இன்னும் மூன்று மணி நேரம். பிறகு வெட்டி, அளவைக் குறைத்து, ஏற்றி அனுப்ப வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வசனத்தை அனுப்பிவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்குள் கேட்டால், பகலில் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர் தூக்கத்தை விற்றுத்தான் அதைச் செய்ய முடியும். பகலில் வேறு வேலை பார்க்காமல் எங்களில் பெரும்பாலோரால் இருக்க முடியாது.

2023-இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் டேப்புக்கென்று விதிகளே வந்தன. டேப் அனுப்பக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும், முதல் சுற்றுக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பவை அவற்றில் அடங்கும். எட்டு என்பது உச்சவரம்பு. எங்களைக் கேட்டால் முதல் சுற்றுக்கு இரண்டு பக்கம் போதும். ஒருவர் அந்த வேடத்துக்குப் பொருந்துவாரா என்பதை முதல் ஒரு நிமிடத்திலேயே கண்டுகொள்ளும் கண் உங்களுக்கு இருக்கிறது. மிச்ச ஐந்து நிமிடத்தைப் பலர் பார்ப்பதில்லை என்பதும் இரு தரப்புக்கும் தெரிந்ததே. மனப்பாடம் கட்டாயம் இல்லை, கைப்பேசியில் எடுத்தால் போதும், வெற்றுச் சுவர் போதும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பயத்தில் எல்லோரும் அதிகம் செய்வார்கள். வேடம் வேறொருவருக்குப் போய்விட்டால், அனைவருக்கும் ஒரே வரியில் செய்தி அனுப்புங்கள். ‘முடிந்துவிட்டது’ என்ற அந்த ஒரு சொல்லால் பலரின் தேதி விடுபடும்.

தேர்வுக்குப் பணம் வாங்குவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. ‘பதிவுக் கட்டணம்’, ‘போர்ட்ஃபோலியோ எங்களிடம்தான் எடுக்க வேண்டும்’, ‘வகுப்பில் சேர்ந்தால் தேர்வாளர் நேரில் பார்ப்பார்’ என்று அது பல பெயர்களில் வரும். கலிபோர்னியாவில், வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி நடிகரிடம் முன்பணம் வாங்குவதை 2010 முதல் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் உங்கள் அழைப்பு அறிவிப்பின் கீழே ‘இந்தத் தேர்வுக்குக் கட்டணம் இல்லை, யாரேனும் கேட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி போட்டாலே, உங்கள் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்களில் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

வேலை நேரத்துக்கு வருவோம். காலை ஆறு மணிக்கு அழைத்து, மேக்கப் போட்டு உட்காரவைத்து, மாலை நான்கு மணிக்கு முதல் ஷாட் எடுத்து, இரவு பதினொன்றுக்கு அனுப்பினால் அது பதினேழு மணி நேரம். அதை ‘ஒரு கால்ஷீட்’, அதாவது ஒரு நாள் வேலை, என்று எழுதுவது கணக்கு ஆகாது. மேக்கப் நாற்காலியில் உட்காரும் நொடியில் வேலை தொடங்கிவிட்டது. எத்தனை மணி நேரம் ஒரு நாள், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பது முதலிலேயே எழுதப்பட வேண்டும். அன்றைய படப்பிடிப்பு முடியும் பேக்கப்புக்கும் மறுநாள் அழைப்புக்கும் இடையில் 12 மணி நேரம் ஓய்வு, சாப்பாட்டு இடைவேளை ஆறு மணி நேரத்துக்குள், மீறினால் தண்டத்தொகை என்பவை பல சங்க ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக இருப்பவை. தண்டத்தொகை இருக்கிற இடத்தில்தான் உணவு நேரத்துக்கு வருகிறது. உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, சுத்தமான கழிப்பறை ஆகியவற்றைக் கோரிக்கையாக எழுத வேண்டியிருப்பதே வருத்தம். எழுதிவிட்டோம், தாண்டிச் செல்கிறோம்.

ஒத்திகையும் வேலைதான். 1919-இல் நியூயார்க் நாடக நடிகர்கள் மேடை ஏற மறுத்து வேலைநிறுத்தம் செய்ததற்கு, வாரக்கணக்கில் ஊதியம் இல்லாமல் ஒத்திகை பார்க்கவைத்தது ஒரு முக்கியக் காரணம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ‘ஒர்க் ஷாப்’ என்ற பெயரில் பத்து நாள் இலவச ஒத்திகை கேட்கப்படுகிறது. படிப்பு என்றால் சான்றிதழ் கொடுங்கள், வேலை என்றால் ஊதியம் கொடுங்கள்.

பணம் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் இதில் மிகவும் கலங்கிய இடம். பேசிய தொகை தயாரிப்பு அலுவலகத்திலிருந்து மேனேஜருக்கு, அவரிடமிருந்து கோஆர்டினேட்டருக்கு, அங்கிருந்து எங்களுக்கு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் குறைகிறது. எங்கே எவ்வளவு குறைந்தது என்று கேட்க வழியில்லை. தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து கேட்கப்படுகிறது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர் பெயரில் பிறகு எந்தத் தொகையும் எழுதப்படலாம். அவர் வாங்காத பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டிய நிலையும் வரலாம். பிடித்த வரிக்குச் சான்றிதழ் கேட்டால் ‘ஆடிட்டரிடம் இருக்கிறது’ என்பார்கள். இதற்கு ஒரே வழி, முழுத்தொகையும் நடிகரின் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். கமிஷனை ரசீது வாங்கிக்கொண்டு நடிகரே கொடுக்கட்டும். பத்து சதவீதத்துக்கு மேல் கேட்பவர் என்ன கூடுதல் வேலை செய்தார் என்று எழுதித் தரட்டும்.

எப்போது வருகிறது என்பது அடுத்தது. ‘டப்பிங் முடிந்ததும் செட்டில்மெண்ட்’ என்பார்கள். அது ஏன் எங்களுக்குப் பாதகம் என்றால், டப்பிங் முடிந்த அந்த மணியோடு எங்கள் கையில் இருந்த பிடி போய்விடுகிறது. குரல் கிடைத்துவிட்டது, படம் எங்களைச் சார்ந்து நிற்கவில்லை. அதனால் டப்பிங் தியேட்டருக்குள் நுழையும்போதே மீதித்தொகை கணக்கில் ஏறியிருக்க வேண்டும். டப்பிங்குக்கு என்று தனி அரை நாள் ஊதியமும் வேண்டும். அது படப்பிடிப்பு ஊதியத்துக்குள் ‘அடங்கும்’ என்பது யாரும் கேட்காததால் நிலைத்துவிட்ட வழக்கம். ‘படம் வெளியானதும் தருகிறோம்’ என்ற நிபந்தனையை யாரும் எழுதவோ ஏற்கவோ கூடாது. வெளியாகாத படங்களிலும் நாங்கள் நடித்திருக்கிறோம். கெடு என்பது காலண்டரில் உள்ள ஒரு தேதியாக இருக்க வேண்டும்: வேலை முடிந்த முப்பதாம் நாள், அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் இத்தனை சதவீதம் கூடுதல்.

டைட்டிலில் பெயர் போடுவதைச் சலுகையாகப் பார்க்காதீர்கள். அடுத்த வேலைக்கு எங்களிடம் உள்ள ஒரே சான்று அது. சட்டப்படியும் அதற்கு எடை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்காக நடிகருக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு என்கிறது. அதே திருத்தம், திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ வந்து, வழக்கத்தில் டைட்டிலில் பெயர் குறிக்கப்படாத ஒருவரைப் பெரும்பாலான நோக்கங்களுக்கு ‘நிகழ்த்துநர்’ என்றே கருதுவதில்லை. ஒரு வரிப் பெயர் விடுபட்டால் உரிமையே விடுபடக்கூடும். ஆகவே பெயர் எந்த எழுத்துக்கோவையில், எந்த இடத்தில் வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

மறுபயன்பாட்டுக்கான பங்கும் எட்டாக் கனவு இல்லை. 1960-இல் அமெரிக்கத் திரைப்பட நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்துதான், திரைப்படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்படும்போது தங்களுக்கும் ஒரு பங்கு என்பதை வாங்கினார்கள். நடிகர்களின் ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு அடித்தளம் போட்டதும் அதே உடன்பாடுதான். பிரான்சில் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்த கலைஞருக்கு, வேலை இல்லாத நாட்களில் உதவித்தொகை பெறும் தகுதி உண்டு. இந்தத் தொழிலில் வேலை விட்டுவிட்டுத்தான் வரும் என்பதை ஏற்றுக்கொண்டு அமைத்த ஏற்பாடு அது. இங்கே எங்களிடம் ‘எல்லா ஊடகத்திலும், எல்லாக் காலத்துக்கும், பிரபஞ்சம் முழுவதும்’ என்று ஒரே வரியில் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஓடிடி, பிறமொழி டப்பிங், தொலைக்காட்சி மறுஒளிபரப்பு ஒவ்வொன்றுக்கும் நாள் ஊதியத்தில் ஒரு சிறு சதவீதம் என்று தொடங்கினாலும் போதும். படத்தின் விளம்பரத்துக்கு எங்கள் காட்சியைப் பயன்படுத்துவதில் தடை இல்லை. வேறொரு பொருளின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் தனி அனுமதி, தனித்தொகை.

புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. செட்டில் ஒரு வேனுக்குள் அழைத்து, சுற்றிலும் கேமராக்கள் வைத்து, முகத்தையும் உடலையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். ‘கிராபிக்ஸுக்கு வேண்டும்’ என்பதோடு விளக்கம் முடிகிறது. அந்தக் கோப்பு எங்கே இருக்கும், யார் பயன்படுத்தலாம், எப்போது அழிக்கப்படும் என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுத்தில் இல்லாமல் யாரும் அந்த வேனுக்குள் ஏறக்கூடாது என்பது எங்கள் நிலை. மேலே சொன்ன அமெரிக்க நடிகர்களின் 2023 ஒப்பந்தம் இதற்கும் வழிகாட்டுகிறது: என்ன பயன்பாடு என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு படத்துக்காக எடுத்த டிஜிட்டல் உருவை அதே படத்தில் நடிக்கவைத்தால், அந்த நடிகர் நேரில் வந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ அத்தனை நாள் ஊதியம் தர வேண்டும். குரலுக்கும் இதே விதி வேண்டும். பின்னணிக் கூட்டத்தில் நிற்பவர்களை முதலில் பாதிக்கப்போவது இதுதான், அவர்களிடம்தான் விளக்கம் மிகக் குறைவாகச் சொல்லப்படுகிறது.

‘இதெல்லாம் கேட்டால் நடிக்க ஆயிரம் பேர் வெளியே நிற்கிறார்கள்’ என்ற பதில் எங்களுக்குப் பழக்கம். நிற்கிறார்கள்தான். வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்கள் அதிக நாள் நிற்பார்கள். அது இல்லாதவர்கள் மூன்றாம் ஆண்டில் போய்விடுவார்கள். கேமராவுக்காகத் தரையில் குறித்த மார்க் தவறாமல் நிற்கவும், முந்தைய ஷாட்டில் எந்த வரியில் எந்தக் கையால் தம்ளரை எடுத்தோம் என்று நினைவில் வைக்கவும், எதிரே நிற்பவரின் க்ளோசப்புக்கு முழு உணர்ச்சியோடு வசனம் கொடுக்கவும் தெரிய ஆண்டுகள் ஆகின்றன. அந்த அனுபவம் கழன்று போகும்போது அது உங்கள் செட்டில் எட்டாவது டேக்காகவும் ஒன்பதாவது டேக்காகவும் வந்து நிற்கிறது. அந்த நேரத்துக்கு நீங்கள் முழு யூனிட்டுக்கும் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒரு படத்தில் சிறு வேடங்கள் முப்பது, ஆளுக்கு மூன்று நாள் என்றால் 90 நாள் ஊதியம். ஊதியம் இல்லாத முதல் மூன்று நாட்கள் போக, ஆளுக்கு ஆறு நாள் காத்திருப்புக்குக் கால் ஊதியம் என்றால் ஒன்றரை நாள் வீதம் மொத்தம் 45 நாள் ஊதியம் கூடும். சிறு தொகை என்று சொல்லமாட்டோம். ஆனால் இணை இயக்குநர் ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு சிறு வேடத்தின் காட்சிகளையும் அடுத்தடுத்த தேதிகளுக்கு நெருக்கிவைத்து அந்த ஆறு நாளை இரண்டாக்கிவிட்டால், 45 என்பது 15 ஆகிவிடும். ஒரு முழுப் படப்பிடிப்பு நாள் வீணானால் ஆகும் செலவை உங்கள் கணக்காளரிடம் கேட்டு, இந்தப் பதினைந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த படத்தின் பட்ஜெட் தாளில் நடிகர் ஊதியத்துக்குக் கீழே ‘காத்திருப்பு ஊதியம்’ என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்கிறோம். அதோடு ஒரு பக்க ஒப்பந்தம், எங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில், படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பே கைக்கு வரட்டும். வேடம், நாட்கள், ஒரு நாளுக்கு எத்தனை மணி, தேதி பிடிப்பு, ரத்து, டப்பிங், தோற்றக் கட்டுப்பாடு, டைட்டில் பெயர், மறுபயன்பாடு, ஸ்கேன், பணம் வரும் தேதி எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். இரண்டு நகல், இரண்டிலும் இரு தரப்புக் கையெழுத்து, ஒன்று எங்களிடம்.

இப்படிக்கு,
சிறு வேடங்களில் நடித்து வாழும் நடிகர்கள்